வெண்டைக்காய் வறுவல்: இரும்புச் சட்டியா, ஓவனா, ஏர் ஃப்ரையரா?

பிடிகொடுக்காமல் பேசுகிறவரை 'விளக்கெண்ணெயில் வெண்டைக்காயை வதக்கின மாதிரி' என்று சொல்வது சும்மா வந்ததில்லை. வறுவல் என்று ஆரம்பித்து, பத்து நிமிடத்தில் கரண்டியோடு நூல் நூலாக எழும்பி, கடைசியில் பாதி கூட்டு, பாதி பொரியலாகத் தட்டுக்கு வந்து சேரும் காய் இது. காயைக் குறை சொல்வோம், கடைக்காரரைக் குறை சொல்வோம். உண்மையில் பெரும்பாலான வீடுகளில் தப்பு நடப்பது வேறு இடத்தில்: 24 செ.மீ. சட்டியில் அரைக்கிலோவை அடைத்துவிடுகிறோம். இப்போது அடுப்புக்குப் பக்கத்திலேயே ஓடிஜி (ஓவன்-டோஸ்டர்-கிரில்) எனும் மின்சார ஓவனும் ஏர் ஃப்ரையரும் வந்து உட்கார்ந்துவிட்டதால், எதில் செய்வது என்ற குழப்பமும் சேர்ந்துகொண்டது.

வெண்டைக்காயில் 90 சதவீதம் தண்ணீர். அரைக்கிலோ வாங்கிக் காம்பையும் நுனியையும் நீக்கினால் 430 கிராம் அளவுக்கு மிஞ்சும். நன்றாக வறுபட்டு இறக்கும்போது அது சுமார் 230 கிராமாகச் சுருங்கியிருக்கும். அதாவது ஒரு டம்ளர் தண்ணீர், 200 மி.லி., ஆவியாகி வெளியே போயிருக்க வேண்டும். காயின் கொழகொழப்பு தண்ணீரில் கரைந்து நிற்கும் ஒரு வகைப் பசை. தண்ணீர் இருக்கிறவரை நூல் விடும். தண்ணீர் போனால் காய்ந்து காயோடு ஒட்டிக்கொள்ளும். எந்தப் பாத்திரத்தில் செய்தாலும் வேலை ஒன்றுதான்: அந்த ஒரு டம்ளர் ஆவியைச் சீக்கிரம் வெளியே விடுவது. மூடி போடக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வதும் இதற்காகத்தான். மூடியில் படிந்த ஆவி திரும்பக் காய் மேலேயே சொட்டும். போதாக்குறைக்கு, வேகும்போது காயிலிருந்து கிளம்பும் லேசான புளிப்பு ஆவியும் உள்ளேயே தங்கிப் பச்சை நிறத்தை மங்க அடிக்கும்.

அடுப்பு பற்ற வைப்பதற்கு முன்பே பாதி வெற்றி தோல்வி முடிந்துவிடுகிறது. நுனியை ஒடித்தால் 'டக்'கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் முற்றல். விரல் நீளத்துக்கு மேல் போகாத காய் வறுவலுக்கு உத்தமம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் நறுக்கினால் மேலே வேர்த்துப் பிசுபிசுக்கும். அரைமணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். நறுக்குவதற்கு முன்னால்தான் கழுவ வேண்டும். கழுவிப் பழைய வேட்டித் துணியில் பரப்பி, ஒவ்வொரு காயாகத் துடைக்க வேண்டும். மேலே பூனைமுடி போலிருக்கும் சுணையில் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும், பார்த்தால் தெரியாது. கையால் தடவினால் தெரியும். கத்தியில் பசை ஏறியதும் துணியில் வழித்துவிட்டு நறுக்குங்கள். கழுவிவிட்டு ஈரக் கத்தியோடு நறுக்கினால் பலகையிலேயே நூல் ஆரம்பித்துவிடும்.

நறுக்கும் விதம் பாத்திரத்தைப் பொறுத்தது. சட்டிக்கு 1 செ.மீ. வட்டம். அதைவிட மெல்லியதாக நறுக்கினால் விதைகள் கழன்று தனியே கருகும்; அதைவிடப் பெரிதானால் உள்ளே ஈரம் நிற்கும். ஓவனுக்கும் ஏர் ஃப்ரையருக்கும் நீளவாக்கில் இரண்டாகவோ நான்காகவோ கீறிக்கொள்ள வேண்டும். அப்போது விதை அறைகள் அத்தனையும் வெளியே திறந்து, சூடான காற்று நேராகப் படும்.

இரும்புச் சட்டி

அன்றாடம் மூன்று பேருக்கு வறுவல் என்றால் இரும்பை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை: 30 செ.மீ. வாய் அகலமுள்ள சட்டிக்கு 250 முதல் 300 கிராம் காய்தான் கணக்கு. அரைக்கிலோ என்றால் இரண்டு ஈடு. சட்டியின் அடி குழிந்திருப்பதால் சூடான பரப்பு நாம் நினைப்பதைவிடக் குறைவு. மேலே குவிந்து கிடக்கும் காய் கீழேயிருந்து வரும் ஆவியில் அவியத்தான் செய்யும்.

300 கிராமுக்குச் சட்டியை இரண்டு நிமிடம் காய வைத்து, 1½ டேபிள்ஸ்பூன் கடலெண்ணெய் ஊற்றி, அரை டீஸ்பூன் கடுகு, ஒரு டீஸ்பூன் உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்துக் காயைப் போடுங்கள். தீ நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேலே. முதல் மூன்று நிமிடம் சடசடவென்று சத்தம் வரும், தொடவே வேண்டாம். நான்காவது நிமிடம் திருப்பிவிட்டால் நூல் வர ஆரம்பிக்கும். பலர் பயந்துபோய்த் தீயைக் குறைப்பது இங்கேதான். குறைக்காதீர்கள். எட்டு, ஒன்பது நிமிடம் வரை நூல் இருக்கும். பிறகு கரண்டியில் வரும் இழை மெலிந்து, அறுந்து, காணாமல் போகும். அப்போது சட்டியில் சத்தமும் மாறியிருக்கும்: தண்ணீர்ச் சத்தம் போய் எண்ணெய்ச் சத்தம் மட்டும் மெல்லக் கேட்கும். அதற்குப் பிறகு தீயைத் தணித்து அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக உப்பு, அரை டீஸ்பூன் மிளகாய்த்தூள், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், பெருங்காயம். இன்னும் நான்கைந்து நிமிடத்தில் ஓரம் செம்பழுப்பாகும். மொத்தம் 14, 15 நிமிடம்.

உப்பைக் கடைசியில் போடுவதற்கு இரண்டு காரணம். முதலிலேயே போட்டால் உப்பு காயிலிருந்து தண்ணீரை இழுத்து வெளியே விடும், நூல் பெருகும். இரண்டாவது, பச்சைக் காயின் குவியலைப் பார்த்துக் கைக்கணக்கில் உப்புப் போட்டால், காய் பாதியாகச் சுருங்கிய பிறகு வாயில் வைக்க முடியாது.

கிளறுவதற்குக் குழிக்கரண்டி வேண்டாம். தோசைத் திருப்பியால் அடியோடு எடுத்துப் புரட்டுங்கள், மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை. ஓயாமல் கிளறினால் காய் நசுங்கி உள்ளேயிருக்கும் பசையெல்லாம் வெளியே வரும்.

நூல் குறையத் தயிர், எலுமிச்சை, புளித்தண்ணீர் விடச் சொல்லும் குறிப்புகள் நிறைய உண்டு. புளிப்பு பட்டால் பசை இளகும் என்பது உண்மைதான். ஆனால் இரும்புச் சட்டியில் அதைச் செய்தால் காய் கறுத்துப்போகும். காயில் உள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து தரும் கறுப்பு அது. புளிப்பு அதை வேகப்படுத்தும். கெடுதல் இல்லை, கண்ணுக்குத்தான் ஆகாது. எலுமிச்சை வேண்டுமென்றால் வேறு பாத்திரத்துக்கு மாற்றிய பிறகு நாலு சொட்டு விடுங்கள். வறுத்த காயைச் சட்டியிலேயே விட்டுவைத்தாலும் இதே கதிதான்.

சட்டியைவிடத் தட்டையான இரும்புத் தோசைக்கல் நல்லது என்று தைரியமாகச் சொல்லலாம். காய் ஒரே அடுக்காகப் பரவும், ஆவி நாலாபக்கமும் ஓடும், 250 கிராம் 11, 12 நிமிடத்தில் முடியும். ஒரே சிக்கல், மசாலா பட்ட கல்லில் மறுநாள் காலை தோசை எடுக்க வராது. வீட்டில் இரண்டாவது கல் இருக்கிறவர்கள் பாக்கியசாலிகள். இண்டக்‌ஷன் அடுப்புக்காரர்களுக்கும் இதுவே வழி. குழிந்த சட்டியின் அடி அதில் சரியாக உட்காராது.

நான்ஸ்டிக்

ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் முடித்துவிடலாம், தயிரோ எலுமிச்சையோ விட்டாலும் கறுக்காது, பச்சை நிறமும் ஓரளவு நிற்கும். குறை என்னவென்றால், வெறும் தவாவை இரும்பு மாதிரிக் காய வைக்க முடியாது. 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் அந்தப் பூச்சு சிதைய ஆரம்பிக்கும். ஆகவே எண்ணெய் ஊற்றிய பிறகுதான் அடுப்பு, தீயும் நடுத்தரத்தைத் தாண்டக் கூடாது. மெல்லிய தவா என்றால் குளிர்ந்த காய் விழுந்தவுடன் சூடு இறங்கி, மறுபடி ஏற நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில்தான் நூல் பெருகும். 300 கிராமுக்கு 18 நிமிடம் வரை ஆகலாம். பொன்னிறத்துக்கு இது ஏற்றதல்ல. ரசம் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள மெத்தென்ற வதக்கல் போதும் என்கிறவர்களுக்கு ஏற்றது.

ஓடிஜி ஓவன்

அளவு கூடும்போது ஓவன் ஜெயிக்கிறது. ஐந்தாறு பேருக்கு அரைக்கிலோவுக்கு மேல் வேண்டும், இன்னொரு பக்கம் சாம்பாரும் அப்பளமும் நடக்கிறது என்றால், கைவேலை இல்லாமல் இதில் போட்டுவிடலாம். ஆனால் ஓடிஜி எல்லாம் ஒன்றில்லை. 16, 19 லிட்டர் பெட்டியின் தட்டில் 250 கிராம்தான் ஒரே அடுக்காகப் பரவும். அரைக்கிலோவுக்கு 28 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். மைக்ரோவேவிலேயே சூடான காற்றைச் சுழற்றும் கன்வெக்‌ஷன் இருக்கிறவர்கள் அந்த முறையைத்தான் பயன்படுத்த வேண்டும். வெறும் மைக்ரோவேவில் வைத்தால் ஈரம் கொஞ்சம் வற்றும், வறுபடாது.

மேல் கீழ் இரண்டு கம்பியும் எரிய, 210 டிகிரியில் பத்து நிமிடம் முன்கூட்டியே சூடாக்குங்கள். தட்டும் உள்ளேயே சூடாகட்டும். அரைக்கிலோ காயை நீளவாக்கில் இரண்டாகக் கீறி, 1½ டேபிள்ஸ்பூன் எண்ணெயும் கால் டீஸ்பூன் மஞ்சள்தூளும் விட்டுக் கையால் பிசறி, சூடான தட்டில் வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி பரப்புங்கள். போட்டவுடன் 'ஸ்ஸ்' என்ற சத்தம் வர வேண்டும். பத்தாவது நிமிடம் கதவைத் திறந்தால் முகத்தில் ஆவி அடிக்கும். சில விநாடி திறந்தே வைத்து அதை வெளியே விட்டுவிட்டுப் புரட்டுங்கள். சின்ன ஓடிஜிகளில் ஆவி போக இடுக்குப் போதாது என்பதால் இந்தத் திறப்பு முக்கியம். 18ஆவது நிமிடம் மிளகாய்த்தூள், உப்பு, அரை டீஸ்பூன் தனியாத்தூள் தூவிப் புரட்டி மேலும் ஐந்து நிமிடம்.

மிளகாய்த்தூளை முதலிலேயே பிசறி வைத்துவிடுவதுதான் ஓவனில் அதிகம் நடக்கும் தவறு. 23 நிமிடம் அந்தச் சூட்டில் கிடந்தால் தூள் கறுத்துக் கசக்கும். சாப்பிடுகிறவர் காய் கருகிவிட்டது என்பார். செக்கு நல்லெண்ணெயும் இதற்குத் தோதில்லை, இந்தச் சூட்டில் புகையும். சுத்திகரித்த கடலெண்ணெயோ சூரியகாந்தியோ போதும். நல்லெண்ணெய் வாசம் வேண்டுமென்றால் கடைசியில் அதில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து மேலே கொட்டுங்கள். அந்தத் தாளிப்பு இல்லாவிட்டால் ஓவன் வறுவலில் நம் சமையல் மணம் வராது. ஏதோ ஓட்டல் சாலட்டுக்கு வைத்த காய் மாதிரி இருக்கும்.

1500 வாட் ஓடிஜி, சூடாக்கும் நேரமும் சேர்த்து 35 நிமிடம் ஓடினால் அதிகபட்சம் 0.9 யூனிட், கம்பி விட்டுவிட்டு எரிவதால் உண்மையில் அதைவிடக் குறையும். காஸ் அடுப்பில் 15 நிமிடத்துக்கு 40 கிராம் எரிவாயு போவதே அதிகம். செலவுக்காகப் பார்த்து முடிவெடுக்கும் அளவுக்கு இதில் வித்தியாசம் இல்லை. கோடையில் சமையலறையில் யார் நின்று வேகிறார்கள் என்பதுதான் கணக்குப் பார்க்க வேண்டிய விஷயம்.

ஏர் ஃப்ரையர்

சின்னக் கூடைக்குள் காற்று வேகமாகச் சுழல்வதால் ஆவி ஒரு நொடி நிற்காது. மொறுமொறுப்பு மட்டுமே குறிக்கோள் என்றால், எண்ணெயில் பொரிப்பதற்கு அடுத்தபடி இதுதான். 4 லிட்டர் கூடைக்கு 250 கிராம். நிறுவனங்கள் அட்டையில் எத்தனை பேருக்கு என்று போட்டிருந்தாலும் நம்ப வேண்டாம். கூடையின் அடி ஆங்காங்கே கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குத்தான் காய் இருக்க வேண்டும்.

250 கிராம் காயை நான்காகக் கீறி, ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய், அரை டீஸ்பூன் மிளகாய்த்தூள், கால் டீஸ்பூன் ஆம்சூர் (காய்ந்த மாங்காய்த்தூள்) அல்லது சாட் மசாலா விட்டுப் பிசறுங்கள். பிறகு இரண்டு டேபிள்ஸ்பூன் கடலை மாவும் ஒரு டேபிள்ஸ்பூன் அரிசி மாவும் தூவுங்கள். தண்ணீர் தெளிக்கவே கூடாது. எதிரி என்று இவ்வளவு நேரம் விரட்டிய பசை இங்கே கூலி வாங்காமல் வேலை செய்யும்: மாவைப் பிடித்துக்கொள்வது அதுதான். 185 டிகிரியில் 12 முதல் 14 நிமிடம். ஐந்தாவது, ஒன்பதாவது நிமிடங்களில் கூடையை எடுத்துக் குலுக்குங்கள். மாவு காயை மூடியிருப்பதாலும் நேரம் குறைவு என்பதாலும் மிளகாய்த்தூள் இதில் கருகாது. உப்பு இறக்கிய பிறகு.

நான்காகக் கீறும்போது ஒல்லியாக விழுந்த துண்டுகள் பத்து நிமிடத்திலேயே ஆகிவிடும், பருமனானவை பின்தங்கும். அதனால் ஒரே பருமனுள்ள காயாகப் பொறுக்குவது மற்ற முறைகளைவிட இதில் அவசியம். மாவில்லாமல் வெறும் காயை 15 நிமிடம் தாண்டி வைத்தால் மொறுமொறுப்பு போய்த் தோல் மாதிரி இழுக்கும். கறிவேப்பிலையை உள்ளே போடாதீர்கள். காற்றில் பறந்து மேலே கம்பியில் ஒட்டிக் கருகும், அடுத்த நாலு சமையலுக்கு அந்த வாசம் போகாது.

இனி எண்ணெயில் பொரிப்பது. 4 மி.மீ. வட்டங்களாக நறுக்கி, 300 மி.லி. எண்ணெயில் நூறு நூறு கிராமாகப் போட்டால் ஐந்தாறு நிமிடத்தில் மொறுமொறுவென்று வரும். மொத்தமாகக் கொட்டினால் காயின் தண்ணீர் எண்ணெயைப் பொங்க வைத்து அடுப்பில் வழியும், ஆபத்து. யாழ்ப்பாணத்தில் வெண்டிக்காயை இப்படிப் பொரித்துவிட்டுப் பிறகு தேங்காய்ப்பால் கறியில் சேர்ப்பார்கள். காய் குழையாமல் முழுதாக நிற்கும், பாலும் வழவழக்காது. அந்த மாதிரி வேலைக்குப் பொரிப்பது நியாயம். சாதாரண நாள் தொட்டுக்கொள்ள என்றால், எஞ்சிய எண்ணெயை வடிகட்டி வைக்கும் வேலையே வறுவலைவிடப் பெரிது.

எதை எதற்கு?

ரசம், தயிர் சாதம் என்றால் மொறுமொறுப்பு எடுபடும். உட்கார்ந்து சாப்பிடப் போகும் நேரத்துக்கு ஏர் ஃப்ரையர். ஆனால் அதன் ஆயுசு இருபது நிமிடம், மழைக்காலச் சென்னையில் அதற்கும் குறைவு. காலை ஏழு மணிக்குக் கட்டி மதியம் திறக்கும் டப்பாவுக்கு அது வீண். டப்பாவுக்கு இரும்புச் சட்டி வறுவல்தான் சரி: அது மொறுமொறுப்பை நம்பி இல்லை, ஓரம் சிவந்த ருசியை நம்பி இருக்கிறது, ஆறினாலும் தாங்கும். பத்து நிமிடம் தட்டில் ஆறவிட்டு மூடுங்கள். சூட்டோடு மூடினால் போன தண்ணீர் மூடி வழியாகத் திரும்பி வந்துவிடும். விருந்தாளி வரும் நாளுக்கு ஓவன். வத்தக்குழம்புக்கு எதுவானாலும் சரி, ஆனால் கொஞ்சம் அதிகமாகவே சிவக்க விடுங்கள்.

புதிதாக எதையும் வாங்கலாமா என்று கேட்டால், வெண்டைக்காய்க்காக மட்டும் ஏர் ஃப்ரையர் வாங்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் ஒரு பகுதிக்கு, கனமான 30 செ.மீ. தட்டை அடி இரும்புச் சட்டியே கிடைக்கும். ஏர் ஃப்ரையர் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், அது வேறு கதை.

வேறு பச்சைக் காய்களுக்கு இதே கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கோவைக்காய்க்குத் தோல் கெட்டி. சட்டியில் 25 நிமிடம் பிடிக்கும், ஆகவே ஓவனில் நன்றாகவே வரும். பீன்ஸ், அவரைக்காய்க்குப் பசை இல்லை, ஆனால் வேகாமல் வறுத்தால் நார் பல்லில் மாட்டும். லேசாகத் தண்ணீர் தெளித்து வேகவிட்டுப் பிறகு வறுக்க வேண்டும்.

வெளிநாட்டில் உறைந்த வெண்டைக்காய்ப் பாக்கெட்டை நம்பியிருப்பவர்களுக்குச் சட்டி கைகொடுக்காது. உறைந்த காய் இளகும்போது தண்ணீரும் பசையும் ஒன்றாக வெளியே ஓடிவிடும். இளகவே விடாமல், பாக்கெட்டிலிருந்து நேராக 220 டிகிரி சூடான தட்டில் ஒரே அடுக்காகக் கொட்டுங்கள். விசிறி ஓடும் ஓவன் என்றால் 200 போதும். எண்ணெய் முதலில் வேண்டாம். 15 நிமிடத்தில் மேல் ஈரம் வற்றிய பிறகு எண்ணெய் விட்டுப் புரட்டி, இன்னும் 12 முதல் 15 நிமிடம். புதுக்காயின் மொறுமொறுப்பு வராது, நூலும் இருக்காது.

எந்த முறையில் செய்ததும் மிஞ்சி, துவண்டு போயிருந்தால் மறுபடி சட்டியில் போட்டு மல்லுக்கட்ட வேண்டாம். ஒரு கப் புளிக்காத தயிரைக் கடைந்து, உப்பும் பச்சை மிளகாயும் சேர்த்து, சாப்பிடுவதற்கு இரண்டு நிமிடம் முன்னால் அதில் போட்டுக் கடுகு தாளித்தால் பச்சடி.